எதிரி வீட்டுக் காலண்டர்

கொஞ்சம் தள்ளிக்கோங்க தாயி, இங்கே உக்காந்துக்கிறேன். முன்னால எனக்குன்னு ஒருத்தர் துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்காரு. அதுல நான் உக்கார மாட்டேன்.

யாரா? அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை. சந்தனக் கலர் சட்டை, நடுமண்டையில வழுக்கை. திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரே, அவர்தான். என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாங்க ஒரே பஸ்ஸுல தனித்தனியா உக்காந்து போறது இன்னைக்குத்தான்.

பார்க்கட்டும். கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்க்கட்டும்.

நீங்க விருதுநகர் வரைக்குமா? கலெக்டர் ஆபீஸ்ல வேலையா? கழுத்துல அட்டை தொங்குது, அதான் கேட்டேன். நல்லதாப் போச்சு. படிச்சவங்க, நாலு விஷயம் தெரிஞ்சவங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு, தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். நான் எதையும் மனசுல வச்சுக்கிறவ இல்ல. அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்கே மறந்துருவேன். அருப்புக்கோட்டையில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னால எங்க அப்பா இறந்துபோன அன்னைக்கு நடந்தது இது. பந்தலுக்கு வடக்கு மூலையில நான் நிக்கிறேன். எனக்கு இடது பக்கம் எங்க பெரியம்மா மகள், கத்திரிப்பூக் கலர் சேலையில. அவ பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல ஒரு கால் உடைஞ்சிருக்கு. எல்லாம் இப்பத்தான் நடந்த மாதிரி இருக்கு.

எங்க அப்பாவுக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது. பொண்ணுங்க ரெண்டு பேர்தான். நான் மூத்தவ, வடிவு. தங்கச்சி பேரு ஆவுடை. என்னை அருப்புக்கோட்டையில கொடுத்தாங்க, எங்களுக்குப் பெயிண்ட் கடை. அவளைச் சிவகாசியில கொடுத்தாங்க. அவ வீட்டுக்காரர் பேரு வேலாயுதம். காலண்டர் அடிக்கிற பிரஸ்ல மேஸ்திரியா இருக்காரு.

உங்க பக்கத்துல கோடி போடுற வழக்கம் உண்டா? செத்தவங்க மேல மருமகன்மாருங்க புதுத்துணி எடுத்துட்டு வந்து போத்தணும். அதுல ஒரு வரிசை இருக்கு. மூத்த மருமகன் போட்ட பிறகுதான் இளையவர் போடணும். அந்த நேரம் எங்க வீட்டுக்காரர் பின்பக்கம் பாடை கட்டுறவங்களோட நின்னாரு. சிவகாசிக்காரங்க மேளத்தோட வேன்ல வந்து இறங்கினாங்க. யாரோ ஒரு பெருசு, 'பொழுது சாயுது, கோடியைப் போடுங்கப்பா'ன்னு அவசரப்படுத்த, இந்த வேலாயுதம் போட்டுட்டாரு.

இவர் கையில வேட்டியோட வந்து பார்க்கிறாரு. அப்பா மேல வேற துணி கிடக்கு.

"மூத்தவன் உயிரோடதானேப்பா இருக்கேன்? என்னையும் சேர்த்துப் பாடையில ஏத்திட்டியா?" அப்படின்னாரு.

"நேரமாச்சுன்னு பெரியவங்க சொன்னாங்க அண்ணாச்சி."

"பெரியவங்க சொன்னா உனக்குப் புத்தி எங்கே போச்சு?"

"வரிசை பார்க்கிறவங்க நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும்."

அவ்வளவுதான். இவர் சத்தம் போட்டாரு. 'இனிமே உன் வாசலுக்கு நல்லதுக்கும் வர மாட்டேன், கெட்டதுக்கும் வர மாட்டேன்'னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டாரு. ஆவுடை ஓடி வந்து என் கையைப் பிடிச்சா. "அக்கா, நீயாவது அத்தானுக்குச் சொல்லேன்." நான் கையை உதறினேன். "உன் வீட்டுத் தண்ணி இனி என் நாக்குல படாது"ன்னு சொன்னேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன். புருஷனுக்கு ஒரு அவமானம்னா பொண்டாட்டி வேடிக்கையா பார்ப்பா? அந்த ரகளையில எங்க அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட எனக்கு நேரமில்ல தாயி. அது வேற.

அதுக்கப்புறம் எங்க அம்மா. அவங்களை யாரு வச்சுக்கிறது? நானும் விட மாட்டேன், அவளும் விட மாட்டா. கடைசியில ஆடி வரைக்கும் ஒரு வீடு, தை வரைக்கும் ஒரு வீடுன்னு முடிவாச்சு. அவ வாசலை இவர் மிதிக்கக் கூடாது, எங்க வாசலை அந்த ஆளு மிதிக்கக் கூடாது. அப்போ அம்மாவை எப்படி மாத்திக்கிறது? ரெண்டு ஊருக்கும் நடுவுல விருதுநகர் பஸ் ஸ்டாண்டு. அங்கே கொண்டுபோய் விடணும், அங்கே வந்து கூட்டிக்கணும்.

நான் இவருக்குத் தெளிவாச் சொல்லி அனுப்புவேன். "அம்மாவைப் பெஞ்சுல உக்கார வச்சிட்டு நீங்க தள்ளிப் போயிரணும். அந்த ஆளு வந்து கூட்டிட்டுப் போகட்டும். மூஞ்சியில முழிக்கக் கூடாது." அவரும் சரி சரின்னு தலையை ஆட்டுவாரு.

சாயங்காலம் போறவரு ராத்திரிதான் திரும்புவாரு. முகமெல்லாம் ஒரு மாதிரி வாடியிருக்கும். தோசை ஊத்தி வைப்பேன். ரெண்டுக்கு மேல இறங்காது. "போதும் வடிவு, பசியில்ல"ன்னு எழுந்திருச்சிருவாரு. எனக்கு அப்படியே வயிறு எரியும். அந்த ஆளு மூஞ்சியத் தூரத்துல பார்த்ததுக்கே மனுஷனுக்குச் சோறு இறங்கலையேன்னு. விருதுநகர்ல இருந்து அம்மா வந்து இறங்குற அன்னைக்கும் அதே கதை. அம்மாவுக்கும் பசிக்காது.

"ரெண்டு பேரும் எப்படிம்மா இருந்தாங்க?"

"ஏறெடுத்துக்கூடப் பார்க்கலடி"ன்னு சொல்லிட்டு முந்தானையில வாயைத் துடைச்சுக்குவாங்க எங்க அம்மா.

இருங்க, கண்டக்டர் வராரு. என் டிக்கெட்டா? அந்தச் சந்தனக் கலர் சட்டைக்காரர்கிட்ட கேளுங்க தம்பி. ஆமா, அவரும் நானும் ஒண்ணுதான். சட்டத்துக்கு.

பத்து வருஷம் தாயி. ஒரு குடும்பத்துல பத்து வருஷத்துல எவ்வளவு நடக்கும்! ஆவுடை மகள் பவித்ரா ஆளானா. போகல. அவங்க புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாங்க. போகல. வேலாயுதத்துக்கு நெஞ்சுல அடைப்பு வந்து மதுரையில ஆபரேஷன் நடந்தது. இவர் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவா, "ஒரு எட்டுப் பார்த்துட்டு வரவா?"ன்னாரு. "உங்க மானம் உங்களுக்குப் பெருசா இல்லாம இருக்கலாம், எனக்குப் பெருசு"ன்னேன். தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு.

பவித்ரா கல்யாணத்துக்குப் பத்திரிகை தபால்ல வந்தது. "சின்னப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சு, போயிட்டு வரலாமே"ன்னாரு. "போறதுன்னா நான் செத்த பிறகு போங்க"ன்னேன். கல்யாணத்தன்னைக்குச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போறேன்னு போனாரு. மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்தா பையில மஞ்சள் அரிசி. "என்னங்க இது?"ன்னேன். "மீனாட்சி கோயில்ல ஏதோ கல்யாணம் நடந்தது, கையில கொடுத்தாங்க"ன்னாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எந்தப் பிள்ளையோ நல்லா இருக்கட்டும்னு அந்த அரிசியை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால வச்சேன்.

இப்போ நினைச்சா தெரியுது. ஒவ்வொரு தடவையும் என் வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்காரு. பொய்க்கு ஒத்திகை.

எங்க மகன் இளங்கோ கல்யாணம் வந்தது. அவங்களுக்குப் பத்திரிகை வைக்கல. சொந்தத் தங்கச்சி பேரு போடாம பத்திரிகை அடிச்சோம். இவர்தான் அதை எங்கேயோ கொடுத்து அடிச்சுட்டு வந்தாரு. தங்கக் கலர்ல பிள்ளையார், ஓரமெல்லாம் கொடி. ஊரே மெச்சுச்சு. 'இவ்வளவு குறைஞ்ச விலைக்கு எங்கேங்க அடிச்சீங்க?'ன்னு நானே கேட்டேன். 'தெரிஞ்ச இடம்'னாரு.

பாலவநத்தம் வந்துருச்சா? இறங்குறவங்க இறங்கட்டும்.

அம்மா இறந்துபோனது ஆவுடை வீட்டுல இருக்கும்போது. பெத்தவ, போகாம இருக்க முடியுமா? ரெண்டு பேரும் போனோம். முதல் தடவையா அவ வீட்டைப் பார்க்கிறேன். அந்த வீட்டுல ஒரு நாய் கட்டிக் கிடக்கு. செவலை நிறம். வர்றவங்க அத்தனை பேரையும் கொலைகாரனைப் பார்த்த மாதிரி குரைக்குது. இவர் உள்ளே நுழைஞ்சதும் அப்படியே படுத்து வாலாட்டுச்சு. காலை நக்குது. நான் என்ன நினைச்சேன்? இந்த வீட்டு நாய்க்குக்கூட யாரு மூத்த மருமகன்னு தெரியுதே, ஆளுங்களுக்குத் தெரியலையேன்னு நினைச்சேன்.

அன்னைக்குக் கோடி போடுற நேரம் வந்தது. வேலாயுதம் ரெண்டு அடி பின்னால தள்ளி நின்னாரு. இவர் முதல்ல போட்டாரு. எனக்கு அழுகைக்கு நடுவுலயும் ஒரு நிம்மதி. ஜெயிச்சுட்டோம்னு.

அவ வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னவ, எதிர்வீட்டுப் படியில போய் உக்காந்துக்கிட்டேன். நல்ல வெயில். ஆவுடை ஒரு சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு தெருவைத் தாண்டி வந்தா. தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு. ஒண்ணும் பேசல. நீட்டிக்கிட்டே நின்னா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. அப்புறம் எதிர்வீட்டு அம்மாகிட்ட கேட்டு வாங்கிக் குடிச்சேன். சொன்ன சொல்லு சொல்லுதானே தாயி?

நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? சரி, முழுசாக் கேட்டுட்டே சொல்லுங்க.

இப்போ இந்த மாசி மாசம். மத்தியானம் படுத்திருக்கேன். போன் அடிக்குது. புது நம்பர். எடுத்தா, எதிர்ப்பக்கம் யாரோ மூச்சு விடுறது மட்டும் கேக்குது.

"யாருங்க?"

"அக்கா, உன் சம்புடம் என் வீட்டுல இருக்கு."

பத்து வருஷத்துல என் கூடப்பிறந்தவ என்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான். எனக்கு ஒண்ணுமே புரியல. சம்புடம்னா, எவர்சில்வர்ல மூடி போட்டதுதான். எங்க கல்யாணத்துக்கு அம்மா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கி, கடையில உக்காந்து பேர் வெட்டிக் கொடுத்தது. என்னோடதுல வடிவுன்னு இருக்கும், அவளோடதுல ஆவுடைன்னு இருக்கும். என் சம்புடம் போன வருஷம் காணாமப் போச்சு. நான் பாத்திரம் தேய்க்கிற பொம்பளையைக் கேட்டேன். அவ அழுதுக்கிட்டே வேலையை விட்டு நின்னுட்டா. போகட்டும், அவளுக்கு வேற வீடு கிடைச்சிருக்கும்.

"உன் கையில எப்படி வந்துச்சு?"ன்னேன்.

"அதைத்தான் நான் உன்கிட்ட கேக்கிறேன்"ன்னா.

அப்புறம் மெதுமெதுவா வெளியே வந்தது. நான் வருஷா வருஷம் நார்த்தங்காய் ஊறுகாய் போடுவேன். கடைக்கு வர்றவங்க கேக்கிறாங்கன்னு இவர் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போவாரு. அது நேரா சிவகாசிக்குப் போயிருக்கு. வேலாயுதம் அதை வீட்டுல கொடுத்து, 'விருதுநகர்ல ஒரு கடையில நல்லா இருந்துச்சுன்னு வாங்கினேன்'னு சொல்லியிருக்காரு. போன வருஷம் பாட்டில் உடைஞ்சு போய், இவர் அவசரத்துல சம்புடத்துல போட்டுக் கொடுத்துட்டாரு. அவரும் பேரைப் பார்க்காம அப்படியே வீட்டு அலமாரியில வச்சுட்டாரு. ஆம்பளைங்க என்னைக்குப் பாத்திரத்துல பேர் படிச்சாங்க? ஊறுகாய் தீர்ந்து, அவ தேய்க்கப் போடும்போது அடியில வடிவுன்னு இருக்கு.

"அக்கா, நான் ஒவ்வொரு வருஷமும் அதைத் தின்னுட்டு அழுவேன்க்கா. அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கே, இந்தக் கடைக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு." அப்படின்னா.

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அதைக் காட்டிக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் இவர் கடையில இருந்து வந்தாரு. "சம்புடம் சிவகாசியில இருக்காம்"ன்னேன். செருப்பை ஒண்ணு கழட்டி, ஒண்ணு கழட்டாம அப்படியே நின்னாரு.

"நீ சாப்பிட்டியா வடிவு?"ன்னாரு.

பத்து வருஷத்துக் கள்ளத்தனத்துக்கு அவர் சொன்ன முதல் பதில் அது.

அப்புறம் சொன்னாரு. ரெண்டாவது தடவை அம்மாவைக் கொண்டுபோன அன்னைக்கு மழையாம். அம்மாவுக்குத் தலை சுத்தி, பெஞ்சுல இருந்து சாயப் போனாங்களாம். இந்தப் பக்கம் இவர் ஒரு கையைப் பிடிச்சிருக்காரு, அந்தப் பக்கம் அவர் ஒரு கையைப் பிடிச்சிருக்காரு. யாரும் விட முடியாது. அப்படியே நடத்திக் கொண்டுபோய் பக்கத்துல ஒரு பரோட்டாக் கடையில உக்கார வச்சிருக்காங்க. அம்மா, "எனக்குப் பசிக்குது, நீங்களும் உக்காருங்க"ன்னுட்டாங்களாம். மாமியார் சொல்றாங்களேன்னு எதிரும் புதிருமா உக்காந்திருக்காங்க. எண்ணெய் பரோட்டா வந்திருக்கு. அம்மா சால்னாக் கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டு, "சால்னா போதுமா மாப்பிள்ளை?"ன்னு கேட்டாங்களாம். ரெண்டு மாப்பிள்ளையும் ஒண்ணா, "போதும் அத்தை"ன்னாங்களாம்.

உடனே சிரிப்பு வந்துருச்சாம். அவ்வளவுதானாம். சண்டை முடிஞ்சு போச்சாம்.

நான் இங்கே அவ வீட்டுத் தண்ணி குடிக்காம, பிள்ளை கல்யாணத்துக்குப் போகாம, ராத்திரிக்குத் தோசையை ஊத்தி வச்சுக்கிட்டு இவர் பசியில்லன்னு சொன்னதுக்குக் கண்ணு கலங்கிக்கிட்டு இருக்கேன். அவங்க அங்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை பரோட்டா தின்னுக்கிட்டு இருக்காங்க! எங்க அம்மாவும் சேர்ந்து! பல்லு இல்லாதவங்க, சால்னாவுல ஊற வச்சுத் தின்னிருக்காங்க. மத்தவங்களைக்கூட விடுங்க. பெத்தவ. என் வீட்டுல பாதி வருஷம் இருந்து, என் கையில சாப்பிட்டு, 'ஏறெடுத்துக்கூடப் பார்க்கலடி'ன்னு முந்தானையில வாயைத் துடைச்சாங்களே, அதுல சால்னா வாசம் வந்திருக்கணுமே, எனக்கு ஏன் வரல?

சாகும்வரைக்கும் வாயைத் திறக்கலையே அவங்க.

நாயா? நீங்களே கேட்டுட்டீங்க. அது எங்க கடை வாசல்ல பிறந்த குட்டி. யாரோ கேட்டாங்கன்னு கூடையில வச்சு அம்மாகூட எடுத்துட்டுப் போனாரு. பவித்ரா கல்யாணத்துலயும் பின்வரிசையில நின்னு அரிசி போட்டுட்டு, சமையல்கட்டு வழியா வந்திருக்காரு, ஆவுடை கண்ணுல படாம. இளங்கோ கல்யாணப் பத்திரிகை? வேலாயுதம் பிரஸ்ல அடிச்சது. தன் பேரும் தன் பொண்டாட்டி பேரும் இல்லாத பத்திரிகையைத் தானே நின்னு அச்சடிச்சுக் கொடுத்திருக்காரு அந்த மனுஷன். அச்சு என்னமோ நல்லாத்தான் இருந்தது.

இதைக் கேளுங்க. எங்க சமையல்கட்டுல ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். பெயிண்ட் கம்பெனியில கொடுத்ததுன்னு வருஷா வருஷம் கொண்டுவந்து மாட்டுவாரு. காலையில எழுந்து குளிச்சு, நான்தான் தேதி கிழிப்பேன். வேற யாரும் கிழிக்க விட மாட்டேன். அதுவும் அந்த ஆளு அடிச்சதுதான். பத்து வருஷமா, ஒரு நாள் விடாம, எதிரி வீட்டுக் காலண்டரைக் கிழிச்சு நல்ல நேரம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன் தாயி நான்!

"ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். இவர், "எனக்காக நீ அவ்வளவு உறுதியா நின்னே. எனக்கு ரோஷம் போயிருச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"ன்னாரு. மகனைக் கேட்டா, அவனுக்கும் தெரியுமாம். பவித்ராவுக்கும் தெரியுமாம். "எனக்கு மட்டும் ஏன்டா தெரியாது?"ன்னா, "உங்ககிட்ட யாரும்மா சொல்றது?"ங்கிறான். பெத்த தாய்கிட்ட பேசுற பேச்சா இது? ரெண்டு வீட்டுலயும் தெரியாத ஆளு நானும் அவளும்தான்.

இந்தாங்க, அது என்ன கையில? தண்ணி பாட்டிலா? அவர் கொடுத்து விட்டாரா? வேண்டாம்னு கொண்டுபோய்க் கொடுத்துருங்க தம்பி. ஆமா, எனக்குத் தாகமே இல்லன்னு சொல்லுங்க. பார்த்தீங்களா, கண்டக்டரைத் தூது விடுறாரு. எனக்குத் தொண்டை வறண்டு கிடக்கு, அது வேற. அவர் தண்ணி எனக்கு வேண்டாம்.

சரி, அதுக்கப்புறமாவது நானும் ஆவுடையும் சேர்ந்துக்கிட்டோமான்னுதானே கேக்க வர்றீங்க? அந்தப் போன்ல மணிக்கணக்காப் பேசினோம். ரெண்டு பேரும் அழுதோம். ரெண்டு பேரும் அவங்க ரெண்டு பேரையும் திட்டினோம். அப்புறம் அவ ஒரு வார்த்தை சொன்னா.

"எப்படியோக்கா, அத்தானே முதல்ல இறங்கி வந்துட்டாரு. பெரிய மனசு."

"யாரு இறங்கி வந்தது?"

"அத்தான்தான் முதல்ல சிரிச்சாராம். இவர் சொன்னாரு."

"என் வீட்டுக்காரர் எதுக்குடி முதல்ல சிரிக்கணும்? தப்பு செஞ்சது உன் வீட்டுக்காரர். அவர்தான் சிரிச்சிருப்பாரு."

"நான் நல்லதாத்தானே சொல்றேன்."

"மூத்தவரை எப்பவும் ஒரு படி இறக்கித்தானே உங்களுக்குப் பழக்கம். அன்னைக்குக் கோடியில இறக்கினீங்க, இன்னைக்குச் சிரிப்புல இறக்குறீங்க."

போனை வச்சிட்டா. நான் இவரை உக்கார வச்சுக் கேட்டேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, யாரு முதல்ல சிரிச்சதுன்னு. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சிரிச்சோம் வடிவு"ங்கிறாரு. அதெப்படி ரெண்டு பேரும் ஒண்ணாச் சிரிக்க முடியும்? ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

போன வாரம் வேலாயுதம் எங்க வீட்டுக்கே வந்தாரு. தாம்பாளத்துல பழம், வெத்தலை, பத்திரிகை. பவித்ரா பிள்ளைக்கு விருதுநகர்ல காது குத்து, அவ மாமியார் ஊர்ல. "மதினி, நீங்க வந்து நின்னாத்தான் நல்லா இருக்கும்"ன்னாரு. ஆளு பாதியா இளைச்சுப் போயிட்டாரு ஆபரேஷனுக்குப் பிறகு. நான் வாயைத் திறக்கல. காபி மட்டும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கொடுக்காம இருக்க முடியுமா? ஆவுடை வரலையான்னும் கேக்கல. வரலைன்னு பார்த்தாலே தெரியுதே.

இன்னைக்குக் காலையில, "நான் வரல"ன்னு சொன்னேன். இவர் என்ன சொல்லணும்? 'நீ வரலைன்னா நானும் போகல'ன்னு சொல்லணும். பத்து வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு என்ன சொன்னாருன்னா, "சரி வடிவு, நான் மட்டும் போயிட்டு வரேன்"ன்னாரு. சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு!

நான் சேலையை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தேன். தனியா விட்டா இன்னும் யார் யார்கூட என்னென்ன தின்னுட்டு வருவாரோ.

வேற எதுக்கும் வரல நான். அவளைப் பார்க்கணும்னு எல்லாம் ஒண்ணும் இல்ல.

ஊர் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

எங்கே... இந்தக் கடைதான் போல. ஆமா, பெஞ்சை எல்லாம் கவுத்துப் போட்டுச் சாத்தியிருக்கு. காலையில ஏது பரோட்டா. இதுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷம்... ஒரு தகரக் கூரை. அதுக்குக் கீழே எங்க அம்மா உக்காந்து சால்னா ஊத்தியிருக்காங்க.

அதோ பாருங்க, அந்தக் கோடு போட்ட சட்டை, அதுதான் வேலாயுதம். எங்க வீட்டுக்காரர் இறங்குறதுக்கு முன்னாலயே கையைத் தூக்கிட்டாரு பாருங்க. இவர் சிரிக்கிறாரு. அவரும்... யாரு முதல்ல சிரிச்சது, பார்த்தீங்களா? நான் சரியாப் பார்க்காம விட்டுட்டேனே.

ஆவுடை எங்கே? அந்தத் தூணுக்குப் பக்கத்துல. பச்சைச் சேலை. புருஷனை விட்டு எவ்வளவு தள்ளி நிக்கிறா பார்த்தீங்களா? அவளும் தனியாத்தான் உக்காந்து வந்திருப்பா, எனக்குத் தெரியும், சின்ன வயசுலயும் கோபம் வந்தா அப்படித்தான். தலை என்ன இப்படி நரைச்சுப் போச்சு? என்னை விட நாலு வயசு சின்னவ. ஒரு சாயம் பூசக்கூடாதா? கையில ஏதோ பை. அதுல சம்புடம் இருக்கு. அந்த மூடியைப் பாருங்க, மினுக்குது. இந்தப் பக்கமே பார்க்கிறா. ஒவ்வொரு ஜன்னலா பார்க்கிறா.

நான் முதல்ல போய்ப் பேச மாட்டேன். மூத்தவ நான். அவதான் வரணும். அவ வர மாட்டா. அன்னைக்கு ஒரு தடவை தெருவைத் தாண்டி வந்தா, அதோட சரி. இனி வர மாட்டா.

இறங்குறேன் தம்பி, இறங்குறேன், ஏன் விசில் அடிக்கிறீங்க?

என்ன தாயி? தண்ணியா? பாவம், ஏறினதுல இருந்து பேசிக்கிட்டே வரேன்னு பார்த்துட்டுத் தர்றீங்க. நாக்கு ஒட்டுது, பொய் சொல்லல.

வேண்டாம் தாயி. மூடி வையுங்க. தாகம் அப்படியே இருக்கட்டும்.

அவ பையில ஒரு பாட்டில் தெரியுது. போய்க் கேக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும்ல.